ஏழு, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அவர் அதோடு நிற்க மாட்டார். முன்கதவைப் பூட்டிவிட்டுச் சந்து வழியாகச் சுற்றிப்போய், கொல்லைப்புறமாக உள்ளே நுழைந்து, முன்கதவை உள்ளிருந்து தள்ளிப் பார்ப்பார். அது அசையவில்லை என்றால்தான் பூட்டியதாக அர்த்தம். "அப்புறம் கொல்லைக் கதவைப் பூட்டுவீர்களே, அதை எங்கிருந்து தள்ளிப் பார்ப்பது?" என்று ஒருநாள் நான் கேட்டுத் தொலைத்துவிட்டேன். மறுநாள் ஆபீசுக்கு அரை மணி தாமதமாக வந்தார்.

நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்தில் சர்வே பிரிவில் குமாஸ்தாக்கள். இருவருக்கும் நாஞ்சில் நாடு. அவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணாச்சி. அவருடைய உத்தியோகத்தின் பெயர் கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் அது மனிதனுக்கு உள்ள பெயர். நிலம் அளக்கப் போனவர்கள் கோணமும் தூரமும் குறித்து அனுப்புவார்கள். அவர் லாகரிதம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்தக் கல் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அசைக்க முடியாத விதி ஒன்று இருந்தது: ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் வேறு வழியில் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டவரே பார்க்கக் கூடாது. பார்த்தவர் 'சரி' என்று சொன்னபிறகு போட்டவர் அதைத் திரும்பத் தொடக் கூடாது.

நாங்களெல்லாம் அந்த விதியை ஐந்து மணிக்கு மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவோம். அவர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போவார். கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய வாடகை வீடு. அங்கிருந்து ஆபீசுக்கு எத்தனை அடி என்று காலையில் எண்ணிக்கொண்டே வருவார், மாலையில் எண்ணிக்கொண்டே போவார். இரண்டும் ஒத்துவராத நாளில் முகம் வாடிவிடும். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் வலியசாலைக் கோயிலுக்கு வழி கேட்டார். அண்ணாச்சி பொறுமையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "சரி, இப்ப கோயில்ல இருந்து இங்க வாறதுக்கு வழி சொல்லும் பாப்போம்" என்றார். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவருக்கு ஏற்ற மனைவி கிடைத்தது கடவுள் கருணை. மதினி சின்னக் கூடாக இருப்பாள். அதிகம் பேச மாட்டாள். தகப்பனார் வீட்டில் வாய்ப்பாடு மட்டும் ஒப்பிக்கக் கற்றவள் என்றும், பெருக்கலைத் தவிர வேறு கணக்குத் தெரியாது என்றும் அண்ணாச்சி சொல்வார். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயது காணுமுன்பே இறந்துபோயின. இரண்டாவது குழந்தையைப் புதைக்க எடுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அடி எண்ணவில்லை. அன்று ஒருநாள்தான் எண்ணாமல் நடந்தார்.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்துத்தான் அந்த எண் எங்களுக்குள் வந்தது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். ரத்தான சர்வே பாரம் ஒன்றைத் திருப்பிப் போட்டு என் முன்னால் நகர்த்தினார். அதில் 7,39,39,133 என்று எழுதியிருந்தது.

"வே, இது என்னன்னு தெரியுமா?"

"ஏழு கோடிச் சொச்சம். யாருக்கு அண்ணாச்சி, உங்களுக்கா?"

சிரிக்கவில்லை. கடைசி மூன்றைக் கட்டைவிரலால் மறைத்தார். "இப்ப எவ்வளவு? எழுவத்தி மூணு லெச்சத்துச் சொச்சம். இதை எந்த எண்ணாலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாது. ஒண்ணால வகுக்கலாம், அதாலயே வகுக்கலாம், அவ்வளவுதான். உடையாது." இன்னொரு மூன்றையும் மறைத்தார். "இதும் உடையாது." ஒன்றை மறைத்தார். "இதும்." அப்படியே விரலை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனார். எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம், ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று, எழுநூற்று முப்பத்தொன்பது, எழுபத்து மூன்று, கடைசியில் வெறும் ஏழு. ஒன்றும் உடையாது. பின்னாலிருந்து எத்தனை எடுத்தாலும் மிச்சம் முழுசாக நிற்கிறது.

எனக்குக் கணக்கென்றால் எப்போதுமே எட்டிக்காய். ஆனாலும் அந்த விரல் நகர்ந்துபோன விதத்தில் ஏதோ ஒன்று என்னைத் தொட்டது. "முழுசாக இருக்கும்போது உடையுமா, உடையாதா?" என்று கேட்டேன்.

"அதுதான் வே தெரியாது" என்றார்.

காலேஜ் நூலகத்தில் தடித்த அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு கோடி வரைக்கும் உள்ள எண்களில் எது உடையும், எது உடையாது என்று யாரோ ஒரு மகராசன் உட்கார்ந்து போட்டு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி அங்கே போய், ஏழில் தொடங்கி, ஒவ்வோர் இலக்கமாகப் பின்னால் ஒட்டிப் பார்த்து, ஏழு இலக்கம் வரை வந்துவிட்டார். எட்டாவது இலக்கத்தில் எண் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் புத்தகம் கிடையாது. இரட்டைப்படையோ ஐந்தோ ஒட்டினால் உடனே உடையும். ஒன்றும் ஏழும் ஒட்டினால் மூன்றால் உடையும். மிச்சம் மூன்றும் ஒன்பதும். ஒன்பது ஒட்டியது எண்பத்து மூன்றில் உடைந்துவிட்டது. மூன்று ஒட்டியது நூறு வரைக்கும் எதற்கும் உடையவில்லை. இனி நூற்று ஒன்றிலிருந்து எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு வரை உள்ள உடையா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் வரும். எல்லாவற்றிலும் மீதி வந்தால் எண் நின்றது. ஒன்றே ஒன்றில் மீதி வராவிட்டாலும் போயிற்று.

"ஒரு நாளைக்கு ஒண்ணு" என்றார். "மேல இருந்து கீழ எறங்குதேன். பெரிசையெல்லாம் முதல்ல முடிச்சிட்டா, போகப்போக வேலை லேசாகும்லா."

அப்படித்தான் ஆரம்பித்தார். ரத்தான பாரத்தை நீளவாக்கில் கிழித்து, ஒரு சீட்டில் ஒரு வகுத்தல். விதிப்படி, போட்டவர் பார்க்கக் கூடாது. ஆகவே பார்ப்பவள் மதினி. சாயங்காலம் சீட்டை அடுக்களையில் கொண்டுபோய் வைப்பார். அவள் சிலேட்டில், ஈவை வகுத்த எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டி, ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால், அம்மியில் அரைத்த மஞ்சள் விரலோடு சீட்டின் மூலையைத் தொடுவாள். மஞ்சள் பட்ட சீட்டு தகர டப்பாவுக்குள் போகும்.

ஒருநாள் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே மதினி முணுமுணுப்பது கேட்டது. "ஏழு, முப்பத்தொம்பது, முப்பத்தொம்பது, நூத்தி முப்பத்திமூணு." தாலாட்டு மாதிரி இருந்தது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் போயிற்று. மூன்றாவது வருஷத்தில் மதினி மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம் நாகர்கோவிலில் தாய் வீட்டுக்குப் போனாள். போகும்போது அண்ணாச்சி என்னைக் கைகாட்டி, "இனி சீட்டை இவரு பாப்பாரு. நீ வெறுதே தலையைப் போட்டு உடச்சுக்கிடாத" என்றார். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முழுசும் பெருக்கிப் பாக்கணும்" என்றாள். "பெருக்காமல் விடுவேனா மதினி!" என்றேன்.

விட்டேன். முதல் மூன்று நாள் பெருக்கினேன். நாலாம் நாளிலிருந்து ஒன்பதைத் தள்ளிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். சோம்பேறிகளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த குறுக்கு வழி அது. ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டிக் கூட்டி ஓர் இலக்கமாக்கி, அவற்றை மட்டும் பெருக்கிப் பார்ப்பது. அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அதில் ஓர் ஓட்டை உண்டு. இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருந்தால் கூட்டுத்தொகை மாறாது, தப்பு பிடிபடாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவர் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் எண் இறங்கிக்கொண்டே வருவதும் மதினியின் நாள் நெருங்குவதும் அவர் மனசுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன என்பது எனக்கு விளங்கிவிட்டது. இருநூறுக்குக் கீழே வந்தபிறகு சீட்டை இரண்டு கையாலும் பிடித்துத்தான் நீட்டுவார். ஒருநாள் கேட்டும்விட்டேன்: "அண்ணாச்சி, எண்ணுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் கிடையாது" என்றார். பிறகு, "இருந்தா என்ன வே?" என்றார்.

நூற்று நாற்பத்தொன்பது வந்த அன்று, அதையும் சேர்த்துப் பத்து எண்தான் பாக்கி. மதியம் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சீட்டை என் பக்கம் தள்ளினார். ஈவு நான்கு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து இருநூற்று முப்பத்தேழு. மீதி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

"பாத்துச் சொல்லும்."

ஒன்பதைத் தள்ளினேன். ஈவு நாலு, வகுத்தது ஐந்து, பெருக்கினால் இருபது, அதாவது இரண்டு. எங்கள் எண்ணும் இரண்டு.

"சரிதான் அண்ணாச்சி."

"நல்லாப் பாத்தீரா?"

"பார்த்தேன். சரி."

"இன்னொரு வாட்டி சொல்லும்."

"சரி என்றுதானே சொல்கிறேன்!" என்று எரிந்து விழுந்தேன். பசி நேரம். அவர் என்னிடம் கேட்டது 'தப்பு' என்ற ஒரு வார்த்தையை. அது அப்போது என் மண்டைக்குள் ஏறவில்லை.

சீட்டைத் திரும்ப வாங்கவில்லை. "கிழிச்சுப் போட்டிரும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். பார்த்தவன் சரி என்று சொன்னபிறகு போட்டவர் தொடக் கூடாது. அந்த விதியை அவர் மீறியதே இல்லை. அன்றும் மீறவில்லை.

அதன்பிறகு மூன்று நாள் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. எப்போதும் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வருபவர், அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அங்கே ஓயாமல் தேங்காய் உடைக்கும் சத்தம் தாங்கவில்லை என்றார். நாகர்கோவிலிலிருந்து மாமனார் கார்டு போட்டிருந்தார்: நாள் ஆகிவிட்டது, உடனே வரவும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாகரிதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகவில்லையா அண்ணாச்சி?"

"நான் போயி என்ன ஆவப்போவுது? அவ மொகத்தப் பாத்ததும் கேப்பா. உடஞ்சு போச்சுன்னு சொல்லவா? இந்த நேரத்துலயா?"

"எண்தானே உடைந்தது!"

"ஆமா" என்றார். "எண்ணுதான்." ரெண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த மனிதர். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் பாழாய்ப்போன ஏழு கோடிமேல்.

அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை. அவர் அதை என்னிடம் விட்டுப்போன அன்று சாயங்காலமே என் தம்பி நாகர்கோவிலுக்குப் போனான். மூன்று வருஷம் பெருக்கியவளுக்குத் தெரியாமல் இதை மூடி வைப்பது நியாயமில்லை என்று தோன்றிற்று. சீட்டை ஒரு கவரில் வைத்து மதினியிடம் கொடுக்கச் சொன்னேன். நிறை மாதக்காரிக்கு அனுப்பக்கூடிய விஷயமா என்ற யோசனை வண்டி கரமனைப் பாலம் தாண்டியபிறகுதான் வந்தது. என் புத்தி எப்போதும் அரை மணி தாமதம்.

நாலாம் நாள் ஆபீசுக்கு அஞ்சல் கார்டு ஒன்று வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். எங்கள் சூப்பரின்டென்ட் மலையாளி, நல்ல மனிதர். மஞ்சளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "எடோ, விசேஷம் வந்நல்லோ! ஆணோ பெண்ணோ?"

அண்ணாச்சி கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. பிறகு, "பத்துலயும் மீதி இருக்கு சார்" என்றார்.

சூப்பரின்டென்ட் என் முகத்தைப் பார்த்தார். நான் கார்டை எட்டிப் படித்தேன். மதினியின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது.

'சீட்டு வந்தது. பெருக்கினேன். 7,39,39,313 வருகிறது. நம்ம எண் முடிவது 133. நீங்கள் வகுத்தது யாரோ ஒருத்தர் எண். நம்மதை வகுத்தால் ஈவு 4,96,235, மீதி 118. பாக்கி ஒன்பதையும் நானே போட்டுவிட்டேன். கீழே இருக்கிறது. எனக்கு வகுக்கத் தெரியாது என்று யார் சொன்னது? போட்டவள் பார்க்கக் கூடாது. நீங்கள் பெருக்கிப் பார்த்துவிட்டு வரவும்.'

கீழே வரிசையாகப் பத்து வரி. நூற்று நாற்பத்தொன்பதில் தொடங்கி நூற்று ஒன்றில் முடிந்தது. நூற்று ஒன்றுக்கு நேரே, மீதி அறுபத்து மூன்று.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். ஏறுமுன் அண்ணாச்சி பழவங்காடிக்கு ஓடிப்போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் மடிமேல் பையை வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்துப் பெருக்கத் தொடங்கினார். ரோடு ஆடிய ஆட்டத்தில் பென்சில் குதித்தது. "மதினி போட்டால் சரியாகத்தான் இருக்கும், வெளியே பாருங்கள் அண்ணாச்சி" என்றேன்.

"பாக்காமப் போனா ஏசுவா வே."

நெய்யாற்றின்கரை தாண்டும்போது ஐந்து முடிந்திருந்தது. தலை நிமிராமலே கேட்டார்: "ஒம்பதைத் தள்ளித்தானே பாத்தீரு?"

பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. "ஆமா அண்ணாச்சி."

"நூத்தி முப்பத்திமூணை முந்நூத்திப் பதிமூணுன்னு எழுதினது நான்தான். மூணு வருசமாப் பாத்த எண்ணு, கண்ணு பாக்கல பாத்துக்கிடும்." அடுத்த வரியைப் பெருக்கி முடித்துவிட்டு, "நானும் மூணு வாட்டி கேட்டேன்லா" என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மாமனார் வீட்டு வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அழுகையும் ஏச்சுமாகக் கொட்டித் தீர்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா? விடியக்காலம் பொறந்தாச்சு. பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. வயித்துப் பிள்ளக்காரி நாலு நாளா சிலேட்டும் கையுமா இருந்தா. என்ன பாடத்தச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கீரு!"

அண்ணாச்சி படியில் அப்படியே நின்றார். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் வழியாக மெலிந்த குரல் ஒன்று வந்தது.

"பத்தையும் பெருக்கிப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"நூத்தி ஒண்ணு?"

"அதும்தான். அறுவத்தி மூணு மீதி."

"அப்ப நம்மது நிக்கிது" என்றாள்.

"நிக்கிது" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, என் முன்னால், மாமியார் முன்னால், தெருவில் போகிற வருகிறவர்கள் முன்னால் விம்மி விம்மி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

சீட்டுப் பார்க்கும் என் வேலை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதினி திருவனந்தபுரம் திரும்பியதும், அவள் இல்லாத நாட்களில் நான் 'சரி' சொன்ன சீட்டுகள் அத்தனையையும் தொட்டில் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுபடி பெருக்கினாள். எல்லாம் சரியாகவே இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தொட்டு டப்பாவில் போட்டாள். அதன்பிறகு அவர்கள் வீட்டில் சரிபார்க்க வேண்டிய காகிதம் எதுவும் என் கைக்கு வந்ததில்லை. நியாயம்தான்.

ஆனால் அன்று நாகர்கோவிலில், மாமியார் துணியில் சுற்றிக் கொண்டுவந்த குழந்தையை அண்ணாச்சி இரண்டு கையாலும் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கா, பாத்துச் சொல்லும் வே."

நான் துணியை விலக்கினேன். கைவிரல் பத்து. கால்விரல் பத்து. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிக் கால்விரலில் தொடங்கி, பின்னாலிருந்து முன்னாலே, ஒவ்வொன்றாகத் தொட்டு இன்னொரு தடவை எண்ணினேன்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.